நெற்றி தாங்கிய சுமை



‘கூலி’ என்பது நம் தாய்மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. செய்த வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் நாவிலே இச்சொல் ஏறியபோது அதன் பொருள் மாறிற்று. ஊதியத்தைக் குறித்த சொல், ஊதியம் பெறும் ஆளையே குறிக்கலாயிற்று. ஆங்கிலச் சொல்லின் மூலம் குஜராத்துப் பகுதியின் கோலி இனத்தார் பெயரே என்று கூறுவாரும் உளர். மூலம் எதுவாயினும், உலகெங்கும் மூட்டை சுமந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அந்த ஒரு சொல்லே பெயராயிற்று. அவர்களுடைய சொந்தப் பெயர்களை ஏட்டில் எழுதிவைக்க எவரும் முனையவில்லை.

இன்னொரு பழஞ்சொல் ‘வெட்டி’. இன்று நாம் பயனற்ற வேலையை ‘வெட்டி வேலை’ என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இது ஊதியமின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. வடநாட்டார் இதனைப் ‘பேகார்’ என்பர்.

கூலி ஒரு புறம், வெட்டி மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஆங்கில ஆட்சி மூன்றாவது சொல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதுவே ‘ஒப்பந்தம்’. கூலியும் தருகிறோம், சம்மதமும் பெற்றுவிட்டோம், இதிலே கட்டாயம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். இக்கேள்விக்கு விடை காண, நம் நாட்டின் வடகிழக்கு எல்லையிலுள்ள நாகா மலைகளுக்கு இத்திங்கள் சென்று வருவோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அம்மக்கள் பிறருடைய சுமையைத் தாங்கிய வரலாறு, நம் வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி ஒன்றுக்கும் விளக்கம் தரும்.

கூலியாட்கள் இல்லாத ஊர்கள்

நாகர் என்பது ஒரே இனத்தின் பெயர் அன்று. அங்காமி, ஆவோ, சேமா, லோத்தா, ரெங்மா, கொன்யாக், தாங்குல் எனப் பல இனங்கள், பல மொழிகள். மலை முகடுகளில் ஊர் அமைத்து, ஒவ்வோர் ஊரும் தன்னைத் தானே ஆண்டுகொண்டு வாழ்ந்தது. அங்காமியர் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி நீர் பாய்ச்சி நெல் விளைத்தனர். ஏனையோருள் பெரும்பாலோர் காட்டை வெட்டி, எரித்து, அச்சாம்பலில் விதைத்தனர். ஊர்களுக்கிடையே பகை உண்டு, போர் உண்டு, தலை கொய்யும் வழக்கமும் இருந்தது. ஆயினும், நிலமின்றிப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் கூலிக் கூட்டம் என்று ஒன்று அங்கே பெரிதாக இருந்ததில்லை. இதனை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் நிகழ்ந்தவற்றை அறிய இதுவே திறவுகோல்.

சுமை தூக்குவது அவர்களுக்குப் புதிதன்று. விறகும் நெல்லும் நீரும் மலையேறியே வீடு சேர வேண்டும். நம் ஊர்களில் தலைமேல் சும்மாடு வைத்துச் சுமப்பதுபோல் அவர்கள் சுமப்பதில்லை. முதுகில் கூம்பு வடிவக் கூடை. அதனைத் தாங்குவது பிரம்பாலோ மரப்பட்டையாலோ பின்னிய ஒரு பட்டை. அப்பட்டை நெற்றியில் பதிந்து நிற்கும். கழுத்தும் நெற்றியும் எடையைத் தாங்க, கைகள் ஈட்டியையோ ஊன்றுகோலையோ பிடித்திருக்கும். ஆணும் பெண்ணும் இவ்வாறே சுமப்பர். தன் நெல்லைத் தன் வீட்டுக்குச் சுமந்த இந்த நெற்றியின் வலிமைதான் அந்நியரின் கண்ணில் பட்டது.

படைவீரரினும் சுமையாட்கள் மிகுதி

1832-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜென்கின்ஸ், பெம்பர்ட்டன் என்னும் இரு ஆங்கிலத் தளபதிகள் மணிப்பூரிலிருந்து அசாமுக்கு வழி காண்பதற்காக அங்காமியர் நாட்டினூடே நடந்தனர். உடன் வந்த மணிப்பூர்ப் படைவீரர் 700 பேர். சுமை தூக்கியோர் 800 பேர். வீரரினும் சுமையாட்கள் நூறு பேர் மிகுதி! இஃது ஏன் என்று எளிய கணக்கொன்றினால் அறியலாம்.

ஒருவன் முப்பது கிலோ அரிசி சுமக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனும் உண்ண வேண்டுமே! நாளொன்றுக்கு ஒரு கிலோ என்றால், பத்து நாள் சென்று பத்து நாள் திரும்பும் பயணத்தில் இருபது கிலோ அவன் வயிற்றுக்கே போகும். படைக்கு மிஞ்சுவது பத்துக் கிலோ மட்டுமே. ஆக, ஒரு வீரனின் இருபது நாள் சோற்றுக்கு மட்டும் இரண்டு சுமையாட்கள் வேண்டும். தோட்டா, கூடாரம், மருந்து, அதிகாரிகளின் மேசை நாற்காலி ஆகியவற்றுக்கு இன்னும் பலர் வேண்டும். வண்டி போகாத, பொதிமாடும் வழுக்கி விழும் அம்மலைகளில் மனித நெற்றியே சாலை, அதுவே வண்டி. நாகா மலைகளை ஆள விரும்பிய ஆட்சிக்குத் துப்பாக்கிக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டவன் சுமையாள்.

தேயிலைத் தோட்டமும் தாள் ஒப்பந்தமும்

இதே காலத்தில் மலையடிவாரத்தில் மற்றொரு பெருந்தேவை எழுந்தது. 1839-இல் அசாம் கம்பெனி தோன்றியது. காடுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறலாயின. காட்டை வெட்டித் திருத்துவதற்கு நாகர் சிலர் பனிக்காலத்தில் மலையிறங்கி வந்தனர். வேலை செய்தனர், கூலி பெற்றனர், தம் வயலில் வேலை தொடங்கும் காலம் வந்ததும் மலையேறிச் சென்றுவிட்டனர். எவராலும் அவர்களைத் தடுத்து நிறுத்த இயலவில்லை. வீட்டில் நெல் உண்டு. ஊரில் நிலம் உண்டு. பின் எதற்காகத் துரையின் தோட்டத்தில் ஆண்டு முழுதும் நிற்க வேண்டும்?

துரைமார்களுக்கு இத்தகைய உழைப்பாளி பயன்படவில்லை. திரும்பிப் போக வழியற்ற ஆட்களே அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆகவே சோட்டா நாகபுரி முதலிய தொலைநாடுகளிலிருந்து ஏழைகளைத் திரட்டிக் கொணர்ந்தனர். இன்ன தோட்டத்தில் இத்தனை ஆண்டு உழைப்பேன் என்ற தாளில் அவர்கள் கைந்நாட்டு வைத்தனர். 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய உழைப்பாளியைக் குற்றவாளி ஆக்கியது. கடன்பட்டவன் மீது வழக்குத் தொடரலாம். ஆனால் வேலையை விட்டவனைச் சிறையிலடைக்கலாம் என்பது புது நீதி! 1865-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஓடிப்போன உழைப்பாளியைப் பிடியாணையின்றித் தோட்ட முதலாளியே பிடிக்கலாம் என்றது. இந்த அதிகாரம் 1908 வரை நீடித்தது.

இதன் விளைவு யாது? 1863 மே முதல் 1866 மே வரை மூன்றே ஆண்டுகளில் அசாமுக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 85,000 பேர். அவர்களுள் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ ஒழிந்தனர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணியின் பின்னே சென்ற நம் முன்னோரின் கதையை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாகர் இத்தாளில் சிக்கவில்லை. அவர்களை அப்போது காத்தது அவர்களுடைய நிலமே. ஆனால் தாளில் சிக்காதவர்களைப் பிடிக்க ஆட்சியாளர் வேறொரு கயிற்றைத் திரித்தனர்.

ஒரு ரூபாயும் ஒரு மணங்கு அரிசியும்

1866-இல் சாமகுட்டிங் என்னுமிடத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் நிலையாகத் தங்கலானார். 1878-இல் தலைமையிடம் கோகிமாவுக்கு ஏறிற்று. 1879 அக்டோபர் 14-ஆம் நாள் டாமன்ட் என்னும் அதிகாரி கொனோமா ஊர் வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்காமியர் கோகிமாக் கோட்டையை முற்றுகையிட்டனர். மணிப்பூரிலிருந்து ஜான்ஸ்டன் படையோடு வந்து முற்றுகையை நீக்கினார். பிறகு பெரும்படை வந்து கொனோமாவைத் தாக்கியது. 1880 மார்ச்சுத் திங்களில் கொனோமா வீரர்கள் பணிந்தனர்.

தோற்ற ஊர்களின்மீது சுமத்தப்பட்ட நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. வீட்டுக்கு ஒரு ரூபாயும் ஒரு மணங்கு அரிசியும் வரி. ஊர் அமைதிக்குப் பொறுப்பேற்க ஒரு தலைவன். இவற்றோடு ஆண்டுதோறும் அரசுப் பணிக்கென ஒரு குறிப்பிட்ட அளவு உடலுழைப்பு. தாளில்லை, கைந்நாட்டில்லை. ஊர் முழுதும் ஒரே வாக்கியத்தில் கட்டுண்டது.

இது நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்று காண்போம். அதிகாரிக்கும் ஊருக்கும் இடையே நின்றவர் ‘தொபாஷி’. சென்னையிலும் புதுச்சேரியிலும் நாம் அறிந்த ‘துபாஷி’ என்னும் அதே சொல். இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். ஊருக்குள் பொறுப்பேற்றவர் ‘காவோன்புரா’ எனப்பட்ட ஊர்த்தலைவர். அரசு தந்த சிவப்புப் போர்வையே அவருடைய பதவிச் சின்னம். அதிகாரி சுற்றுப்பயணம் புறப்படுமுன் தொபாஷி வழியாக ஆணை வரும்: நாளை விடியலில் இத்தனை ஆட்கள் தேவை. காவோன்புரா வீடு வீடாகச் சென்று ஆள் குறிப்பார். அவர்கள் அடுத்த ஊர் வரை சுமப்பர். அங்கே வேறு ஆட்கள் மாற்றிக்கொள்வர். ஆட்கள் வரத் தவறினால் ஊருக்குத் தண்டம். மணிப்பூரின் மலைகளிலும் இத்தகைய கட்டாயச் சுமைப்பணி ‘பொத்தாங்’ என்னும் பெயரால் வழங்கியது.

இதற்குக் கூலி உண்டு. சில அணாக்கள் தரப்பட்டன. ‘ஆகவே இது வெட்டி வேலை அன்று’ என்று ஏடுகளில் எழுதி வைத்தார்கள். வீட்டுவரியைக் காசாகக் கட்ட வேண்டியிருந்ததால் அந்த அணாக்களும் பல வீடுகளில் தங்காமல் அரசுக்கே திரும்பின. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவது என்பார்களே, அதுதான்.

இதனினும் கொடியது காலத்தின் இழப்பு. மழையில்லாத கார்த்திகை முதல் பங்குனி வரையே படை நடக்க ஏற்ற காலம். காட்டை வெட்டி விதைக்கும் குடியானவனுக்கும் அதுவே காலம். மார்கழி தையில் காட்டை வெட்டிக் காயவிட்டு, பங்குனியில் தீயிட்டு, சித்திரையில் விதைக்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டின் ஆண்மகன் யாரோ ஒரு துரையின் பெட்டியைச் சுமந்துகொண்டு நான்கு மலைகளுக்கு அப்பால் நின்றால், தீ வைக்க ஆளில்லை. மழை வந்துவிட்டால் அவ்வாண்டு விளைச்சல் போயிற்று. சில அணாக் கூலி, ஓராண்டுச் சோற்றுக்கு ஈடாகுமா? அவன் இல்லாத வீட்டில் அவனுடைய வேலையையும் சேர்த்துச் சுமந்தவள் அவன் மனைவி. அவளுக்கு அந்த அணாவும் இல்லை.

இவ்வாறு திரட்டப்பட்ட நாகர், தம் மலைகளுக்கு வெளியேயும் கொண்டு செல்லப்பட்டனர். 1911-இல் வில்லியம்சன் என்னும் அதிகாரி கொல்லப்பட்டதற்காக அபோர் மக்கள்மீது ஆங்கிலப் படை சென்றது. இன்றைய அருணாசலப் பிரதேசத்து மலைகளில் அப்படையின் மூட்டைகளைச் சுமந்தோருள் நாகர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தம்மைப் போன்ற இன்னொரு மலைமக்களை அடக்கச் சென்ற படைக்கு இவர்கள் நெற்றி கொடுக்க நேர்ந்தது.

கடல் கடந்த கூடை

முதல் உலகப் பெரும்போர் மூண்டது. பிரான்சு நாட்டில் சாலை போடவும், மரம் வெட்டவும், சரக்கு இறக்கவும், போர்க்களத்தில் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்க்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. 1917-இல் இந்தியாவிலிருந்து தொழிற்படை திரட்டப்பட்டது. நாகா மலை மாவட்டம் 2,000 பேரை அனுப்பியது. அவர்களுள் சேமா இனத்தார் 1,000; லோத்தாக்கள் 400; ரெங்மாக்கள் 200; ஆவோக்கள் 200; சாங்குகளும் எல்லைக்கு அப்பாற்பட்ட பிற இனத்தாரும் 200. மணிப்பூரும் 2,000 பேரை அனுப்பியது. தாங்குல் நாகரும் குக்கி இனத்தாரும் அதில் இருந்தனர்.

இம்முறை ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. காலம் ஓராண்டு, சம்பளம் திங்களுக்கு 20 ரூபாய். அதற்கும் மேலாக மலைமக்களை ஈர்த்த வாக்குறுதி ஒன்று உண்டு. சென்று திரும்புவோருக்கு வாழ்நாள் முழுவதும் வீட்டுவரி இல்லை. கட்டாயச் சுமைப்பணியும் இல்லை!

வாசகர்களே, இவ்வாக்குறுதியைச் சற்றே நின்று நோக்குங்கள். மலையில் நடப்பது கட்டாயம் அன்று, கூலிக்குச் செய்யும் வேலைதான் என்று முப்பத்தேழு ஆண்டுகள் சொல்லிவந்த அதே ஆட்சி, அதிலிருந்து விடுதலை தருவதைப் பரிசாக அறிவிக்கிறது. வேலை விரும்பத்தக்கதாயிருந்தால் அதிலிருந்து விலக்குப் பரிசாகுமா? கடலைக் கண்டிராத மலைவாசி ஒருவன், குண்டு விழும் நாட்டுக்கு ஓராண்டு போகத் துணிந்ததற்கு, தன் ஊரில் இனிச் சுமக்க வேண்டாம் என்ற ஆசையும் ஒரு காரணமாயிற்று. சுமை எவ்வளவு கனத்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

விரும்பிச் சென்றவர்களும் உண்டு. கைநிறையப் பணம், புதிய நாடு காணும் ஆவல், வீரர்களோடு வீரராகத் திரும்பும் பெருமை ஆகியவை இளைஞரை ஈர்த்தன. மறுத்தவர்களும் உண்டு. மணிப்பூர் மலைகளில் குக்கித் தலைவர்கள் பலர் ஆள் தர இயலாது என்றனர். அவர்களுடைய ஊர்கள் கொளுத்தப்பட்டன. 1917 முதல் 1919 வரை அங்கே போர் நடந்தது. மறுத்தவன் வீடு எரியுமானால், சம்மதித்தவனின் சம்மதத்துக்கு என்ன பொருள்?

மணிப்பூரில் ஆள் சேர்த்தவர்களுள் சமயப் பணியாளர் ஒருவரும் இருந்தார். வில்லியம் பெட்டிகுரு என்னும் பாப்டிஸ்டுப் போதகர் 1896 முதல் உக்ருலில் தாங்குல் மக்களிடையே பள்ளி நடத்தி, அவர்களுடைய மொழிக்கு எழுத்து வடிவும் தந்தவர். ஆட்சியாளர் கேட்டபோது அவர் தாங்குல் இளைஞரை அழைத்தார். அவர்களைக் கப்பலேற்றிவிட்டுத் தாம் வீட்டில் தங்கவில்லை; உடன் பிரான்சுக்குச் சென்றார். துன்பத்தில் பங்குகொண்ட அந்த அன்பை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆசான் என்று நம்பி வந்தவர்களிடம் அரசின் தேவையை எடுத்துச் சென்றபோது, ‘இல்லை’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் வந்திருக்குமா? மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர்கள் யாவரும், இன்றும், எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

1918-இல் ஒப்பந்தம் முடிந்து அவர்கள் திரும்பினர். திரும்பாதவர்களும் உண்டு. போர்ப்பணிக்கான பதக்கம் வீரர்களுக்கு வெள்ளியில் வார்க்கப்பட்டது; தொழிற்படையினருக்கு வெண்கலத்தில். அதே போர், அதே குளிர். உலோகம் மட்டும் வேறு.

ஆட்சியாளர் எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. ஊரில் இருந்தபோது தமக்குள் பகைத்த இனத்தார் அந்நிய நாட்டில் ஒரே கூடாரத்தில் உறங்கினர். சேமா என்றும் லோத்தா என்றும் பிரிந்திருந்தவர்கள், தம் அனைவருக்கும் பொதுவான ‘நாகர்’ என்னும் பெயரைத் தமதாக உணரத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே கோகிமாவில் நாகா கழகம் தோன்றியது. பிரான்சிலிருந்து திரும்பியோரும் அரசு அலுவலரும் அதில் சேர்ந்தனர். 1929 சனவரி 10-ஆம் நாள் சைமன் குழு கோகிமா வந்தபோது இருபது நாகர் கையொப்பமிட்டு விண்ணப்பம் ஒன்றைத் தந்தனர். புதிய அரசியல் சீர்திருத்தத்தில் தங்களைச் சேர்க்க வேண்டாம். புதுப்புது வரிகளைத் தாங்க எங்களால் ஆகாது. எங்கள் வாழ்வை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம் என்பது அதன் சாரம். கைந்நாட்டுக்கும் கட்டளைக்கும் பழகிய மக்கள், தம் விருப்பத்தைத் தாமே எழுதிக் கொடுத்த நாள் அது.

சுமக்க மறுத்த சிறுமி

எல்லாரும் பிரான்சுக்குச் செல்லவில்லை. எல்லாருக்கும் விலக்குக் கிட்டவில்லை. மணிப்பூர் மலைகளில் வீட்டுக்கு மூன்று ரூபாய் வரியும் சுமைப்பணியும் தொடர்ந்தன. ஜதோனாங் என்னும் இளைஞர், தம் இனத்தாரின் பழைய வழிபாட்டைச் சீர்திருத்தி, வரி கொடாமலும் சுமை தூக்காமலும் இருக்க மக்களைத் திரட்டினார். 1931 ஆகஸ்டு 29-ஆம் நாள் இம்பாலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவருக்குப் பின் இயக்கத்தை நடத்தியவர் கைதின்லியு என்னும் இளம்பெண். 1915-இல் பிறந்தவர். அரசு பெரும்படை அனுப்பி மலையெங்கும் தேடி 1932 அக்டோபரில் அவரைக் கைது செய்தபோது அவருக்கு வயது பதினேழு. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நேருவால் ‘ராணி’ என்று போற்றப்பட்டும், நாடு விடுதலை அடையும் வரை அவர் சிறையிலேயே இருந்தார். அவருடைய சமயக் கொள்கைகளை ஏற்பாரும் மறுப்பாரும் நாகரிடையே உண்டு. ஆனால், ‘அவர்களின் மூட்டையை அவர்களே சுமக்கட்டும்’ என்ற கருத்தை ஒரு பேரரசின் முன் துணிந்து எடுத்து நின்ற பெண்மகள் அவர் என்பதை எவரும் மறுக்கார்.

நம்மவர் நடந்த பாதை

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கு வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் தாயகம் நோக்கி நடந்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். தாமு வழியாகப் பலேல், இம்பால், கோகிமா, திமாப்பூர் என்று அவர்கள் நடந்த மலைப்பாதையை வெட்டியவர்களும் அகலப்படுத்தியவர்களும் நாம் மேலே கண்ட மலைமக்களும் அசாம் தோட்டத் தொழிலாளருமே. அவ்வாண்டில் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர் சாலை வேலைக்கு அனுப்பப்பட்டனர். அகதிகளுக்கு உணவு சுமந்தும், நடக்க இயலாதவர்களைத் தூக்கியும் மலைவாசிகள் பல இடங்களில் உதவினர். பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் இருக்கக்கூடும். அவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததில் பெயர் தெரியாத ஒரு நெற்றியின் பங்கும் உண்டு.

1944 ஏப்ரல் 4 முதல் சூன் 22 வரை கோகிமாவில் நடந்த போர் உலகறிந்தது. மலைச்சரிவைச் சுற்றி நடந்த படைப்பிரிவுகளுக்குத் தோட்டாவும் உணவும் சுமந்து சென்றவர்கள் நாகர். குண்டுகளுக்கிடையே காயமுற்ற வீரர்களைத் தூக்கி வந்தவர்களும் அவர்களே. படைத்தலைவர் ஸ்லிம் பின்னர் எழுதிய நூலில் இவ்வுதவியை நன்றியோடு நினைவுகூர்ந்தார். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டளைக்காக ஊர்ந்த கால்கள், தம் ஊரையும் உயிரையும் காக்க வேண்டியபோது தாமாகவே ஓடின. அதே நெற்றி, அதே கூடை. ஆனால் விரும்பிச் சுமக்கும் சுமை வேறு, விதிக்கப்பட்ட சுமை வேறு.

சட்டம் சொன்னதும் நாம் செய்வதும்

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, மனித வாணிகத்தையும் கட்டாய உழைப்பையும் விலக்கியது. ‘பேகார்’ என்னும் சொல்லையே அப்பிரிவு பெயர் சொல்லித் தடைசெய்தது. 1982-ஆம் ஆண்டில் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வயிற்றுப் பசியால் வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க ஒருவன் ஒப்புக்கொண்டால், அதுவும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. கையொப்பம் இருக்கலாம், கூலியும் தந்திருக்கலாம், ஆனாலும் கட்டாயம் கட்டாயமே. 1880-இல் மலையில் எழுந்த கேள்விக்கு, நூறு ஆண்டு கழித்து நீதிமன்றம் தந்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

சட்டம் விடை சொன்னதோடு பொறுப்பு முடிந்ததா? இன்று வடகிழக்கு மாநிலங்களின் பிள்ளைகள் நம் நகர்களின் உணவகங்களில் பரிமாறுகிறார்கள். ஜார்க்கண்டு, ஒடிசா மக்கள் நம் வீடுகளைக் கட்டுகிறார்கள். செங்கற்சூளையில், மீன் பதனிடும் கூடத்தில், நம் வீட்டுச் சமையலறையிலேயே பலர் உழைக்கிறார்கள். ‘கேட்ட கூலியைத்தானே தருகிறோம், ஒத்துக்கொண்டுதானே வந்தார்கள்’ என்று நாமும் எளிதில் கூறிவிடுகிறோம். நாகா மலையின் அதிகாரியும் இதே சொற்களைத்தான் தம் ஏட்டில் எழுதினார்.

ஆகவே, நம்மிடம் வேலை செய்வோரைப் பற்றி மூன்று கேள்விகளை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்வது நலம். இந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல இவரால் முடிந்திருக்குமா? விட்டுப் போக விரும்பினால், முன்பணமோ, அடையாளச் சீட்டைப் பிடித்து வைத்திருப்பதோ தடையாகாமல் நாளையே போக முடியுமா? இங்கே இவர் செலவிடும் நாட்களால் இவருடைய சொந்த வீட்டில் எந்த வேலை நின்றுபோகிறது? முதல் இரண்டு கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்தாலும் மூன்றாவதை மறந்துவிட வேண்டாம். ஊரில் தாய்க்கு நோய் என்றால் அவர் போய்வர விடுப்பு உண்டா, அந்நாட்களுக்குக் கூலி உண்டா என்பதெல்லாம் அக்கேள்வியில் அடங்கும்.

இன்னும் ஒன்று, செலவில்லாதது. நூறு ஆண்டுகள் ஒரு மக்களை நாம் அறிந்த ‘கூலி’ என்னும் பெயரால் மட்டுமே அழைத்தார்கள். நம் தெருவில் மூட்டை இறக்குபவருக்கும், நம் இலையில் சோறு பரிமாறும் வெளியூர்ப் பையனுக்கும் தாய் இட்ட பெயர் ஒன்று உண்டு. அதனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்பெயராலேயே அவர்களை அழைப்போம்.